கருவேலந்திட்டுக்குப் பாலம் வந்த கதை

கொள்ளிடம் இரண்டு கிளையாகப் பிரிந்து கொஞ்ச தூரம் ஓடி மறுபடி ஒன்றாகச் சேர்ந்துகொள்கிற இடத்தில், இரண்டு கிளைக்கும் நடுவே மண்மேடாகக் கிடக்கிறது கருவேலந்திட்டு. அந்த ஊரில் கட்டாத பாலத்தைத் திறந்து வைத்தார்கள், திறந்து வைத்த பாலத்தின் மேல் அன்றைக்கே ஊர்சனம் நடந்து அக்கரைக்குப் போனது, போக முடியாமல் இக்கரையிலேயே தங்கிப்போனவள் தையல்நாயகி ஒருத்திதான், அந்தப் பாலம் வேண்டும் என்று மனு கொடுத்துக் கொடுத்துச் செருப்புத் தேய்ந்தவளும் அவளேதான். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

அவள் புருஷனை வாழைக்கொல்லையில் பாம்பு கடித்த அன்று ஆற்றில் வெள்ளம். பரிசல்காரர் வேம்பு எவ்வளவோ துடுப்புப் போட்டும் பரிசல் நடு ஆற்றில் சுற்றிச் சுற்றி வந்ததே ஒழிய அக்கரையைத் தொடவில்லை, தொட்டபோது புருஷன் உயிரோடு இல்லை. காரியம் முடிந்த கையோடு முதல் மனுவை எழுதி வாங்கிக்கொண்டு கிளம்பினாள். அதிலிருந்து திங்கட்கிழமை என்றால் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிற நாள், தையல்நாயகிக்கு அங்கேதான் ஜோலி. இடுப்பில் பெண் குழந்தை அபிநயா, பையில் புளிச்சோறு, கையில் மனு. அந்த அபிநயா இடுப்பிலிருந்து இறங்கி, பள்ளிக்கூடம் போய், பெரிய மனுஷியாகி, கல்யாணம் கட்டித் திருப்பூருக்கே போய்விட்டாள், மனு மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அப்புறம் ஒருநாள், யாருக்கு என்ன தோன்றியதோ, கருவேலந்திட்டுக்குப் பாலம் என்று உத்தரவாகிவிட்டது.

மேலே இருந்து புறப்பட்டபோது அது பாலமாகத்தான் புறப்பட்டது, அதில் பொய் இல்லை. ஆனால் முதல் மேஜையில் தூண்கள் இறங்கிக்கொண்டன, அடுத்த மேஜையில் கைப்பிடிச் சுவர் இறங்கிக்கொண்டது, அதற்கடுத்த மேஜையில் கம்பியும் ஜல்லியும், அதற்கும் அடுத்த மேஜையில் சிமெண்ட் மொத்தமும், விளக்குக் கம்பங்களை ஒருவர் மச்சினன் பேரில் வாங்கிக்கொண்டார், வெள்ளையடிக்கிற கூலியைக்கூட விடவில்லை ஒரு மகராசன். இப்படி ஒவ்வொரு மேஜையாக இறக்கி வைத்துக்கொண்டே வந்து, ஊருக்குள் நுழைந்தபோது மிச்சம் இருந்தது ஒரு கல்வெட்டு, ஒரு சாமியானா பந்தல், வந்து கை தட்டுகிற சனத்துக்குத் தலைக்கு இருநூறு ரூபாய், ஒரு பிரியாணிப் பொட்டலம்.

"பாலம் எங்கடா தம்பி?" என்று பஞ்சாயத்துத் தலைவர் குலோத்துங்கனிடம் கேட்டாள் தையல்நாயகி.

"வருங்க்கா. மொதல்ல தொறப்பு விழா, அப்பறம் வேலை. தொறந்து வைக்கிற பெரியவருக்கு இன்னைக்கு விட்டா அடுத்த வருஷந்தான் தேதி இருக்கு. நீயும் வந்து ஒக்காரு, ஒனக்குத்தான் மொதப் பொட்டலம்."

"ஒம் பொட்டலத்தக் கொண்டுபோய் ஆத்துல கொட்டு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கருவேலந்திட்டுக்காரர்களுக்கு ஒரு பழக்கம். புதிதாக எது வந்தாலும், தண்ணீர் மோட்டாரோ, டிராக்டரோ, ஒரு கிரைண்டரோ, பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டி, மனசார ஒரு கும்பிடு போட்டுத்தான் தொடுவார்கள். அன்றைக்கும் பந்தலைப் பார்த்தார்கள், மேளத்தைக் கேட்டார்கள், ரிப்பனைக் கண்டார்கள், கை தானாகப் பூசணிக்காயை எடுத்துவிட்டது. எதற்கு உடைக்கிறோம் என்று ஒருத்தரும் நின்று யோசிக்கவில்லை. ஒன்றுமில்லாததற்கு அத்தனை பேரும் சேர்ந்து கண்ணை மூடி மனசாரக் கும்பிட்டார்களே, அதுதான் அவர்கள் செய்த பிசகு.

திறந்து வைக்க வந்த பெரியவர் ரிப்பனை வெட்டினார், போனில் பேசிக்கொண்டே நேராக நடந்தார். பின்னால் நின்ற என்ஜினியருக்கு வேர்த்துக் கொட்டியது, "ஐயா, ஐயா" என்று கையை நீட்டினார், அதற்குள் பெரியவர் கரையைத் தாண்டி ஆற்றுக்கு மேலே போய்விட்டார். நடு ஆறு வரைக்கும் போய், பேச்சு முடிந்ததும் திரும்பி வந்து, "நல்லா கட்டியிருக்கீங்கய்யா" என்று என்ஜினியர் முதுகில் தட்டிக் கொடுத்தார். அதுவரை இல்லாத பாலம் என்ஜினியர் கண்ணுக்கும் அப்போதுதான் தெரிந்தது. அப்புறம் என்ன, அவர் போனார், குலோத்துங்கன் போனான், பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊரே போய் வந்தது.

மறுநாள் காலையில் தையல்நாயகி கரைக்கு வந்து பார்த்தாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஆறும் ஆற்றுக்கு மேலே அந்தரத்தில் நடந்து போகிற சனமும்தான். பால்காரன் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஆகாயத்தில் போனான். எதிர்வீட்டுக்காரி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, கையை வீசிக்கொண்டு, கால் தரையில் பாவாமல் போனாள். தையல்நாயகியும் சாமியை நினைத்துக்கொண்டு ஒரு எட்டு எடுத்து வைத்தாள், இடுப்பளவு தண்ணீரில் தொபுக்கென்று விழுந்தாள். மேலேயிருந்து எட்டிப் பார்த்த எதிர்வீட்டுக்காரி, "ஐயையோ, நீ வாங்கலையாக்கா?" என்று கேட்டாள்.

ஊர் ஒரே வாரத்தில் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டது. பாலத்துப் பணத்தில் வாங்கினவர்களுக்குப் பாலம் உண்டு, வாங்காதவர்களுக்குக் கிடையாது, அவ்வளவுதான் சட்டம். ஆளுக்கு ஆள் தனி. வயிற்றுப் பிள்ளை மட்டும் தாய் கணக்கில் போய்விடும். வாங்கினதைச் செலவழித்துவிட்டாலும் பரவாயில்லை, ஒரு தடவை கை நீட்டினால் ஆயுசுக்கும் போதும். வாங்காத ஒருத்தரைத் தூக்கிக்கொண்டு போனால் தூக்கினவன் காலடியிலும் பாலம் இளகிப் போகும். அக்கரையிலிருந்து வந்த மாமனாரை உப்புமூட்டை தூக்கிப் போன ஒரு மருமகன் அவரோடு சேர்ந்து ஆற்றில் முங்கி எழுந்து கண்டுபிடித்த விஷயம் அது. மாடுகள் முதலில் முரண்டு பண்ணின, கழுத்துக் கயிற்றில் பாலத்துக் காசு ஒன்றை முடிந்து விட்டார்கள், சமர்த்தாக நடந்தன.

அதிசயமாவது ஒன்றாவது! மனுஷருக்கு எதுதான் பழகாது? தை மாதம் பாலத்தின் வாயில் கோலம் போட்டார்கள், அறுப்பு முடிந்ததும் பாலத்தின் மேல் நெல் காய வைத்தார்கள், சாயங்காலமானால் பையன்கள் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து தூண்டில் போட்டார்கள். தையல்நாயகி கண்ணுக்கு ஆற்றின் மேல் நெல் பரந்து கிடந்தது, பையன்கள் ஒன்றுமில்லாததன் மேல் உட்கார்ந்து காலை ஆட்டினார்கள். பாலம் நல்ல அகலம் என்றும், லாரியே போகலாம் என்றும், அடுத்த ஊர்ப் பாலமெல்லாம் இதன் கால்தூசி பெறாது என்றும் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

லாரி போகலாம்தான், லாரி ஓட்டுகிறவன் வாங்கியிருக்க வேண்டுமே. உரம் ஏற்றிவந்த லாரி அக்கரையிலேயே இறக்கிவிட்டுப் போனது, மூட்டையைத் தலையில் சுமந்து வந்தார்கள். ஊருக்குப் பஸ் விட்டார்கள், அக்கரைப் புளியமரத்தோடு திரும்பிக்கொண்டது. பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த டீச்சர் ஒருத்தி பாலத்தைக் காணாமல் அப்படியே மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள், பிள்ளைகள் பூட்டின கதவுக்கு முன்னால் கோலி விளையாடின. ஊசி போடுகிற நர்ஸ் மேரி ஸ்டெல்லாவை, "வந்து ஒரு இருநூறு வாங்கிக்கங்க சிஸ்டர்" என்று குலோத்துங்கன் பாலத்து நடுவில் நின்று கூப்பிட்டான். "எனக்கு கவர்மெண்ட் சம்பளம் குடுக்குது" என்று சொல்லிவிட்டு அவள் கரையிலேயே ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். வாங்கின தாய்மார் வாங்கின பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய் ஊசி போட்டு வந்தார்கள். வருகிற விருந்தாளிக்கெல்லாம் கொடுக்க வேண்டியிருந்ததால் குலோத்துங்கன் பாலம் பராமரிப்பு என்று வருஷா வருஷம் ஒரு தொகை வாங்கினான், அதில் முக்கால் பங்கு அவனுக்கு, கால் பங்கு விருந்தாளிக்கு. அவனை எதிர்த்துத் தேர்தலில் நிற்கக்கூட ஆள் இல்லை.

"வாங்கிக்கயேன் தையலு, ஒருத்திக்காகப் பரிசல கட்டி அழறேன் நான்" என்றார் வேம்பு. அவரும் பிரியாணி சாப்பிட்டவர்தான்.

"வாங்கினா பாலம் இருக்குன்னு ஆயிடும்ண்ணே. இருக்குன்னு ஆயிட்டா எவன் கட்டுவான்?"

அவர் தலையைச் சொறிந்தார். ஆடி மாதம் அபிநயாவைத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டி வந்ததுதான் பரிசலின் கடைசிச் சவாரி. அதற்கப்புறம் அதைக் கவிழ்த்துப் போட்டு அடியில் கோழிகளை அடைத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பாலத்தைப் பார்வையிட அருமைநாயகம் என்கிற அதிகாரி அக்கரைக்கு வந்து சேர்ந்தார். போகிற இடத்தில் ஒரு வாய் தேத்தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷர். குலோத்துங்கன் நாலு எட்டு முன்னால் போய் நின்று, "வாங்க சார், நடந்தே பாத்துடலாம்" என்று கூப்பிட்டான். அதிகாரி அளவு டேப்பைக் கையில் பிடித்தபடி கால் வைத்தார், டேப்போடு ஆற்றில் விழுந்தார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இங்க பாலம் இல்லை" என்றார்.

ஊருக்கு வந்ததே கோபம்! "அப்ப நாங்க என்ன காத்துலயா நிக்கிறோம்?"

"ஆமா" என்றார் அருமைநாயகம்.

அவர் எழுதினதை மேலே யாரும் நம்பவில்லை. ஊரே கையெழுத்துப் போட்டுப் பாலம் இருக்கிறது என்கிறது, இல்லை என்பதற்கு ஊரில் ஒரு சாட்சி வேண்டாமா என்று கேட்டார்கள். தையல்நாயகி இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய் அவரைப் பார்த்தாள்.

"நீங்க ஒருத்தர் சொன்னாப் போதும்மா" என்றார் அவர். "வர்ற வியாழக்கிழமை வாக்குமூலம் எடுக்க வர்றேன். பாலம் இல்லைன்னு இந்த ஊர் ஆள் ஒருத்தர் சொல்லிட்டா, நிஜப் பாலத்துக்கு நான் எழுதிடுவேன். எழுதினா கட்டித்தான் ஆகணும்."

"சொல்லுவேங்கய்யா. பொய் சொன்னாத்தானே பயம்? இல்லாதத இல்லைங்கறதுக்கு என்ன?"

அன்றைக்கு வீடு திரும்பினபோது அவள் முகத்தில் அப்படியொரு தெளிவு. மகளுக்குக் கறிவேப்பிலைக் குழம்பு வைத்துச் சோறு போட்டாள். "நாமளும் வாங்கிக்கிட்டா என்னம்மா? ஆஸ்பத்திரிக்குப் போகணுமே" என்று வாயும் வயிறுமாக இருந்த அபிநயா பயந்தபடி கேட்டதற்கு, "ஒங்கப்பன் செத்த ஆறுடி இது. அதுல காசு வாங்கவா? ஒனக்கு இன்னும் மூணு வாரம் கெடக்கு, தண்ணி வடிஞ்சிடும்" என்றாள்.

தண்ணீர் வடியவில்லை. ஐப்பசி மழை மேற்கே எங்கேயோ கொட்டித் தீர்த்து, புதன்கிழமை காலையில் ஆறு செம்மண் நிறத்தில் கரை புரண்டு வந்தது, அன்று உச்சிவேளையில் அபிநயாவுக்கு வலி கண்டது. தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டது, பிள்ளை இறங்கவில்லை. பிரசவம் பார்க்கத் தெரிந்த எதிர்வீட்டுக்காரி தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினாள். "பிள்ளை தலை திரும்பலைக்கா. நம்ம கையில ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரி கொண்டு போ."

தையல்நாயகி ஓடிப் போய் வேம்புவின் பரிசலைப் புரட்டினாள். கோழிகள் கத்திக்கொண்டு பறந்தன, மூங்கில் இற்று, தோல் கிழிந்து, உள்ளே வெளிச்சம் தெரிந்தது. நல்ல பரிசலாக இருந்தாலும் அந்த வெள்ளத்தில் போகாது என்று அவளுக்கே தெரியும், அதே வெள்ளத்தை அவள் ஒருமுறை பார்த்தவள்தானே. அக்கரையில் மேரி ஸ்டெல்லா ஆம்புலன்சோடு நின்று கையைக் கையை ஆட்டினாள். வீட்டுக்குள்ளிருந்து "அம்மா, என்னால முடியலம்மா" என்று மகள் கத்துவது கரை வரைக்கும் கேட்டது.

குலோத்துங்கன் குடையைப் பிடித்துக்கொண்டு அவனாகவே வந்தான். அவன் அன்றைக்குக் கேலி பேசவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் பொறுக்கவில்லை.

"அக்கா, புள்ள கஷ்டப்படுது. ஒனக்கு ஒண்ணு, அபிக்கு ஒண்ணு. வாங்கிக்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நாளைக்கு அந்த மனுஷன் வருவாருடா தம்பி. நான் என்னடா சொல்லுவேன்?"

"நாளைக்கி நாளைக்கிக்கா."

"இது மட்டும் கட்டியிருந்தீன்னா இன்னைக்கி நீ இப்பிடி நிக்க வேண்டாம், நான் இப்பிடி நிக்க வேண்டாம். நாசமாப் போறவனே, எல்லாத்தையும் முழுங்கிட்டுக் கொடை புடிச்சுக்கிட்டு வந்து நிக்கிறியே!" என்று கத்தினாள், மண்ணை வாரி அவன் மேல் தூற்றினாள். அவன் அசையாமல் நின்றான். மகள் இன்னொரு தடவை கத்தினாள். தையல்நாயகி கையை நீட்டினாள்.

நோட்டு கையில் பட்டதும் பாலம் தெரிந்தது.

மகள் கையில் ஒரு நோட்டைத் திணித்து, கயிற்றுக் கட்டிலோடு நாலு ஆம்பிளைகள் தூக்கிக்கொண்டு ஓட, தன் நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு அவளும் கூடவே ஓடினாள். அக்கரை போனதும் அதை ஆற்றில் வீசிவிடுவது என்று நினைத்துக்கொண்டுதான் ஓடினாள். காலடியில் சிமெண்ட் கெட்டியாக இருந்தது, மழையில் நனைந்து மினுங்கியது, எவ்வளவு வெள்ளம் மோதியும் தூண்கள் இம்மி அசையவில்லை. கட்டில் குலுங்கினதில் உள்ளே என்ன ஆயிற்றோ, குறுக்கே கிடந்த பிள்ளை தானாகத் திரும்பிக்கொண்டது, நடுப்பாலத்தில் அபிநயா கட்டில் சட்டத்தைப் பிடித்து ஒரு முக்கு முக்கினாள், பிள்ளை வந்து விழுந்தது.

விழுந்த பிள்ளை அழுத அந்த நொடியே பாலம் இளகிற்று. தாய் கணக்கிலிருந்து அது இறங்கிவிட்டதே, அது இன்னும் யாரிடமும் எதுவும் வாங்கவில்லையே! கட்டில் தூக்கினவர்கள் கணுக்கால் வரை புதைந்தார்கள், முழங்கால் வரை புதைந்தார்கள், "பிள்ளைக்கு வாங்கலக்கா, பிள்ளைக்கு வாங்கல" என்று நாலு பேரும் அலறினார்கள், அடியில் செம்மண் ஆறு வாயைத் திறந்துகொண்டு போனது. குலோத்துங்கன் தூரத்தில் கரையிலேயே நின்றுவிட்டான். தையல்நாயகிக்கு யோசிக்க நேரம் இல்லை, யோசித்திருந்தால் என்ன செய்திருப்பாளோ அதுவும் தெரியாது. இடுப்பில் செருகின நோட்டை உருவி, ரத்தமும் பனிக்குடத்து நீரும் காயாத அந்தக் குஞ்சுக் கையை விரித்து, உள்ளங்கையில் வைத்தாள். பிள்ளை விரலை மடக்கிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பாலம் இறுகியது.

பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் துடைத்து எடுக்கிறபோது நோட்டை உருவப் பார்த்தாள் மேரி ஸ்டெல்லா, பிள்ளை வீறிட்டு அழுதது. "விட்டுடுங்க சிஸ்டர்" என்றாள் தையல்நாயகி. சொல்லிவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தாயும் பிள்ளையும் பிழைத்த சந்தோஷத்தில் அழுகிறாள் என்று பக்கத்துக் கட்டில்காரி பழம் கொடுத்தாள்.

வியாழக்கிழமை காலையில் துணிமணி எடுக்க ஊருக்குத் திரும்பினவளை அக்கரைப் புளியமரத்தடியில் அருமைநாயகம் எதிர்கொண்டார். எழுதுகிற அட்டை, பேனா, மடிக்கிற நாற்காலி எல்லாம் தயாராக வைத்திருந்தார். மழை விட்டிருந்தது.

"பேத்தி பொறந்திருக்காமே, சந்தோஷம்மா. ஒரே ஒரு கேள்விதான். நீங்க பாத்தத சொன்னாப் போதும்." ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினார். "இந்த எடத்துல பாலம் இருக்கா?"

தையல்நாயகி பார்த்தாள். வெள்ளையடித்த கைப்பிடிச் சுவர் வெயிலில் பளீரென்று இருந்தது. விளக்குக் கம்பங்கள் வரிசையாக நின்றன. புருஷனை ஏற்றின பரிசல் சுற்றின இடத்தில் ஒரு தூண் நின்றது, அதன் மேல் ரெண்டு கொக்கு உட்கார்ந்திருந்தது. அவள் மனு எழுதச் சொல்லும்போதெல்லாம் மனசில் என்ன பாலத்தைப் பார்த்தாளோ, அச்சு அசலாக அதே பாலம். பொய் சொல்லி இல்லை என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள், வாயைத் திறந்தும் பார்த்தாள். பார்க்கிறதைப் பார்க்கவில்லை என்று சொல்லி அவளுக்குப் பழக்கம் இல்லை.

"இருக்குங்கய்யா."

பேனா நின்றது. "எனக்குத் தெரியலையேம்மா?"

"நீங்க வாங்கலைங்கய்யா."

அவர் ஆற்றுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "அப்ப நான் என்னம்மா எழுதட்டும்?" என்றார், அது அவளைக் கேட்ட மாதிரி இல்லை.

"இருக்குன்னே எழுதிக்கங்க" என்றாள் தையல்நாயகி. "எங்களுக்கு இனிமே பாலம் வராது."

பிள்ளைக்கு விரிக்கப் பழைய சேலை எடுக்க வேண்டியிருந்தது. அவள் பாலத்தில் ஏறி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வீட்டைப் பார்க்க நடந்தாள்.